வாங்குகளுக்கு நடுவே கட்டிய துணி: யாழ்ப்பாணக் கோவிலொன்றின் கலியாணச் சோடினை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்ற ஆண்டு ஓகஸ்ட்டில், யாழ் நகரிலிருந்து நாலைந்து கட்டை (மைல்) தள்ளியிருக்கும் ஒரு கத்தோலிக்கக் கோவிலில் நடந்த கலியாணத்தைப் பற்றிய பதிவு இது. வாங்குகளையும் (சனம் இருக்கும் நீள இருக்கைகள்) நடுப்பாதையையும் துணியால் சோடிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. தையல் படிப்பித்து ஓய்வு பெற்ற நான், இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு சில வருடங்களாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். குடும்பத்தாரும் பங்குத்தந்தையும் இதை எழுதச் சம்மதித்தார்கள். பெயர்களும் ஊரும் வேண்டாம் என்பதுதான் அவர்கள் கேட்டது.

அன்று ஓர் அம்மா நன்மை (பூசையில் கொடுக்கும் நற்கருணை) எடுக்காமல் வீட்டுக்குப் போனார். நான் கட்டிய துணிதான் அவரை மறித்தது. இதே வேலையைச் செய்கிற மற்றவர்களுக்கு அது தெரியவேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

பொம்பிளை கனடாவில் வளர்ந்தவர், மாப்பிள்ளை இங்கேயே இருப்பவர். மடுத் திருவிழா முடிந்து வந்த முதல் சனிக்கிழமை, காலை 10 மணிப் பூசையில் கலியாணம். தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் எங்கள் கோவில்களில் கலியாணம் வைப்பது வழக்கமில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பதும் ஓகஸ்ட்டில்தான். அதனால் அந்த மாதம் எங்கும் நெருக்கடி. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அதை ஒட்டியே வருவதால் பூ விலையும் ஏறிவிடுகிறது. பூவைக் குறைத்துத் துணியைக் கூட்டுவோம் என்று பொம்பிளையின் தாய் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்து கிழமைக்கு முன் தாய் என் வீட்டுக்கு வந்து போனில் ஒரு படத்தைக் காட்டினார். "ரீச்சர், பிள்ளை இதைப்போலவே வேணுமாம் எண்டு நிக்கிறாள்." படத்தில், நடுப்பாதையின் இரு பக்கமும் முதல் வாங்கிலிருந்து கடைசி வாங்குவரை வெள்ளை ஓகன்சா வளைந்து வளைந்து தொங்கியது. ஒவ்வொரு வாங்கின் நுனியிலும் கண்ணாடிக் கூட்டுக்குள் மெழுகுதிரி எரிந்தது. தரையில் வெள்ளை சற்றின். அழகான படம், குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதில் ஒரு மனிதர்கூட இல்லை. அதை நான் கவனித்தது பிறகுதான்.

முதலில் போய்ப் பார்த்தது

அடுத்த புதன்கிழமை காலை 10 மணிக்குக் கோவிலுக்குப் போனேன். கலியாணம் எந்த நேரமோ அந்த நேரத்தில் போய்ப் பார்ப்பது என் வழக்கம். ஓகஸ்ட்டில் சோழகம் (தென்மேற்குக் காற்று) இன்னும் ஓய்ந்திருக்காது, காலை ஏற ஏறக் காற்றும் ஏறும். இந்தக் கோவிலின் தென்புறக் கதவுகள் இரண்டும் நேரே வாங்குகளைப் பார்த்தபடி இருக்கின்றன. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பூசை நேரத்தில் பக்கக் கதவுகளை மறிக்கவோ பூட்டவோ கூடாது என்பது பங்குத்தந்தையின் கண்டிப்பு. ஆகவே காற்று வரத்தான் செய்யும். மேலே நீளக் கம்பியில் தொங்கும் ஃபான்களின் காற்றும் அதோடு சேரும்.

அளந்து எழுதிக்கொண்டேன். வாசலிலிருந்து பீடப் படிவரை 62 அடி. நடுப்பாதையின் அகலம் 5 அடி 4 அங்குலம். பக்கத்துக்கு 14 வரிசையாக 28 வாங்குகள். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே 3 அடி. சுவரோரப் பாதைகள் இரண்டரை அடி அகலம்தான். கூட்டமான நாட்களில் அங்கேயும் பிளாஸ்ரிக் கதிரை போடுவார்கள். தரை பழைய சிவப்புச் சீமெந்து, காலம் காலமாக மெழுகித் தேய்த்ததில் மினுங்குவது.

கோவில் திறப்பும் (சாவி) பீடத் துணிகளும் ஒரு வயதானவரின் பொறுப்பில் இருக்கின்றன. அவர் ஒரு வாங்கின் நுனியைத் தடவிக் காட்டினார். நாலு அங்குல நீளத்துக்கு வாணிஷ் உரிந்து வெறும் மரம் தெரிந்தது. "போன வருசம் ஒட்டின ரேப். உரிக்கேக்க வாணிசும் சேந்து வந்திட்டுது." 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் ஊரே வெளியேறித் திரும்பி வந்தபோது மிஞ்சிக் கிடந்தவை இந்த வாங்குகளில் 16 மட்டும்தான் என்றார். மற்றவை அவற்றைப் பார்த்துப் பிறகு செய்தவை. எது பழையது, எது புதியது என்று கையை வைத்தே சொல்கிறார். அதன்பிறகு அந்த வாங்குகளில் குண்டூசிகூடக் குத்த எனக்கு மனம் ஒப்பவில்லை.

பங்குத்தந்தையின் நிபந்தனைகள் குறைவுதான், ஆனால் தெளிவானவை. ஆணி, ஒட்டு, பசை எதுவும் கூடாது. பீடத்தின் மேல் ஒன்றும் வைக்கக் கூடாது. உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிகளில் 305ஆம் எண்ணே அதைச் சொல்கிறது: பூச்சோடினை அளவோடு இருக்கவேண்டும், பீடத்தின் மேலல்லாமல் சுற்றிலும் இருக்கவேண்டும். வெள்ளி மாலைப் பூசைக்குப் பிறகே கட்டலாம், சனி பிற்பகல் 2 மணிக்குள் கழற்றிவிட வேண்டும். கடைசியாகப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உதை உப்பிடிக் கட்டினா சனம் எப்பிடி நன்மைக்கு வாறது, ரீச்சர்?"

அந்தக் கேள்விதான் இந்த வேலையின் மையம். துணி வாங்கின் நுனியிலிருந்து அடுத்த வாங்கின் நுனிக்குப் போகிறது. சனம் உள்ளே போய் வெளியே வருகிற வாய் அந்த இடைவெளிதான். படத்தில் வளைவாகத் தெரிவது இருக்கிறவருக்கு வேலி. "யோசிச்சுச் செய்யிறன், ஃபாதர்" என்றேன். யோசிக்கவும் செய்தேன், ஆனால் போதாமல்.

எதை மாற்றினோம், ஏன்

மெழுகுதிரியை முதலில் நீக்கினோம். ஓகன்சா, சற்றின், நெட் என்று இப்போது கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பொலியெஸ்ரர். நெருப்புப் பட்டால் அது உருகிச் சொட்டும், சொட்டினது தோலில் ஒட்டிக்கொண்டு எரியும். சோழகக் காற்று, தொங்கும் துணி, சேலைத் தலைப்பு மூன்றும் இருக்கும் இடத்தில் கண்ணாடிக் கூட்டை நம்ப முடியாது. ஒரு கீற்றுத் துணியை வீட்டு முற்றத்தில் கொளுத்திக் காட்டினேன். தாய் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்தது துணி. ஓகன்சா ஒரு வளைவும் ஜோர்ஜெட் ஒரு வளைவும் கட்டி, 10 மணிக்கு ஃபான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் வாங்கில் இருந்து பார்த்தோம். ஓகன்சா காற்றில் எழும்பி இரண்டு தரம் வாங்கின் மேலாகப் புரண்டு விழுந்தது. ஜோர்ஜெட் ஆடியது, ஆனால் தன் இடத்துக்குத் திரும்பியது. எனவே வளைவுகளுக்குப் பால் வெள்ளை ஜோர்ஜெட், முடிச்சுப் பூக்களுக்கு மட்டும் ஓகன்சா. முனைகளில் தொங்கும் வால்களின் மடிப்புக்குள், குருநகரில் வலைக்குக் கட்டும் சின்ன ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்தோம். வெறும் ஈயம் வெள்ளைத் துணியில் கறை விடும். ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துண்டில் பொதிந்தே வைக்கவேண்டும்.

துணிக் கணக்கைச் சற்று விரிவாகத் தருகிறேன், பலர் தடுமாறுவது இதில்தான். 3 அடி இடைவெளியில் நடுவே 12 அங்குலம் தாழ்ந்து வளையவேண்டும் என்றால், வளைவின் ஓரம் 45 அங்குலம் வரும். இரு பக்கமும் கொசுவிக் கட்டுவதற்கு இன்னும் 15 அங்குலம். ஆக ஒரு வளைவுக்கு 5 அடி. 18 வளைவுக்கு 90 அடி, அதாவது 30 யார். 44 அங்குல அகலத் துணியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்துக்கொண்டால் 15 யார் போதும். நாலு வால்களுக்கு 3 யார். 28 முடிச்சுப் பூவுக்கும் 58 அங்குல ஓகன்சாவை 7 அங்குலக் கீலங்களாக, ஒவ்வொன்றும் இரண்டரை யார் நீளத்தில் வெட்டினோம். அதற்குப் போனது 10 யார்.

படத்தில் இருந்ததுபோல் எல்லா வரிசைக்கும் கட்டியிருந்தால் 26 வளைவு வந்திருக்கும். முன்னால் இரண்டு வரிசையும் பின்னால் இரண்டு வரிசையும் திறந்திருக்கட்டும் என்று நான் கேட்டேன், குடும்பம் ஒத்துக்கொண்டது. மிச்சமுள்ள 18 வளைவும் சட்டென்று விடுபடவேண்டும். அதற்கு இப்படிச் செய்தோம். வாங்கின் சாய்பலகைக்கும் நுனிக் கட்டைக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி உண்டு. அதனூடாகப் பருத்தி நாடாவைக் கோத்து, மரம் தேயாமல் துவாய்த் துண்டொன்றை அடியில் வைத்துக் கட்டினோம். நாடாவில் எஸ் வடிவக் கொழுக்கி, துணியின் முனையில் திரைச்சீலை வளையம். கொழுக்கியை முடிச்சுப் பூ மறைக்கும். ஒரு இழுவையில் வளைவு கழன்று வாங்கின் பக்கமாகத் தொங்கும்.

பொம்பிளை பீடத்தடிக்குப் போய்ச் சேர்ந்ததும் பக்கத்துக்கு ஒரு பொடியன் பின்னாலிருந்து முன்னாகக் கழற்றிக்கொண்டு வரவேண்டும் என்பது ஏற்பாடு. ஒத்திகையில் இரண்டு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அந்த வேகத்தைப் பார்த்து நான் நிம்மதியடைந்துவிட்டேன்.

தரைத் துணி விடயத்தில் சற்றின் வேண்டாம் என்பதற்கு எனக்கு வலுவான ஆதரவு கிடைத்தது. பொம்பிளையின் அம்மம்மா, 80 கடந்தவர், படத்தைப் பார்த்ததும் சொன்னார்: "உது என்ன உது? நிலபாவாடை எண்டால் பருத்தி வெள்ளை. ஆயர் வந்தாலும் அதிலைதான் நடந்து வாறவர், மாப்பிளை பொம்பிளையும் அதிலைதான் வாறது." நிலபாவாடை என்ற சொல்லைக் கேட்டதும் பொம்பிளைக்கே ஆசை வந்துவிட்டது. 22 யார் வீதம் இரண்டு துண்டு வெள்ளைப் பொப்ளின் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஓரம் மட்டும் தைத்தோம். பீடப் பக்கம் படியின் பலகைக்கு அடியில் சொருகுவது, வாசல் பக்கம் ஒரு கட்டையில் சுற்றிக் கதவோரம் பாரம் வைப்பது என்று முடிவு. பருத்தி வழுக்காது, 44 யார் துணியின் பாரமே அதைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பினேன்.

வெள்ளி மாலை

பூசை முடிந்து ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்தோம். இரண்டு விடயங்களை மட்டும் குறிக்கிறேன்.

நாடா ஒரு வாங்கில் வழுக்குகிறது என்று என்னோடு வந்த பிள்ளை சைக்கிள் ரியூபில் வெட்டிய பட்டியைப் போட்டு இறுக்கியிருந்தாள். பத்து நிமிடத்தில் கண்டு எடுத்துவிட்டோம், ஆனால் வாணிஷில் கறுப்பு அடையாளம் விழுந்துவிட்டது. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்ததில் முக்கால்வாசி போனது. கால்வாசி இன்னும் இருக்கிறது. அது பழைய 16இல் ஒன்று.

மற்றது தரை. கலியாணத்துக்கென்று கோவில் பெண்கள் அன்று காலைதான் நடுப்பாதையை மெழுகித் தேய்த்திருந்தார்கள், அன்போடு செய்த வேலை. துணியை நாங்கள் விரிக்கும்போது வெளிச்சம் குறைவு, எல்லோரும் வெறுங்காலோடு நின்றோம். புது மெழுகை யாரும் உணரவில்லை, நான் கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை காலை

ஒன்பதரைக்குக் கோவில் நிரம்பத் தொடங்கியது. இந்தக் கோவிலில் இன்னும் பழைய வழக்கப்படி இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். வளைவு கட்டிய வரிசைகளுக்குச் சுவரோரமாகப் போய் இருக்கச் சொல்லி இரண்டு பிள்ளைகளை நிறுத்தியிருந்தேன். எதிர்பார்த்ததைவிடச் சனம் கூட. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் யாரோ இடச்சுவரோரம் கதிரை போட்டுவிட்டார்கள். அதைக் கண்டேன், தடுக்கவில்லை. நிற்கிறவர்கள் இருக்கட்டும் என்றே நினைத்தேன்.

துணி நன்றாக நின்றது. சோழகம் வீசியது, ஜோர்ஜெட் மெல்ல ஆடியது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்ததை மறைக்கத் தேவையில்லை.

குருவானவர் வாசலில் வரவேற்று முன்னே நடக்க, பூப்போடும் பிள்ளைகள், தோழிகள், பிறகு தகப்பனோடு பொம்பிளை, பின்னால் உறவுகள். பொம்பிளையின் வெள்ளைக் கவுண் பின்னால் ஏழு அடிக்கு இழுபடுவது. அது நிலபாவாடையின் மேல் போகப்போக, மேல் துணி கீழ்த் துணியின்மேல் நகர்ந்தது, கீழ்த் துணி மெழுகின்மேல் நகர்ந்தது. எட்டாம் வரிசைக்குப் பக்கத்தில் கணுக்கால் உயரத்துக்கு ஒரு மடிப்பு எழும்பியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அதற்குள் நடந்துவிட்டது. பின்னால் வந்த மாமியின் பெருவிரல் அதில் மாட்டியது. விழப்போனவர் பக்கத்து வளைவைப் பிடித்தார், கொழுக்கி கழன்று துணி கையோடு வந்தது, முழங்கால் தரையில் அடித்தது.

பொம்பிளைக்குத் தெரியவில்லை. பாட்டு நிற்கவில்லை. இடப்பக்கம் வளைவு கழற்றவேண்டிய பொடியன்தான் முதலில் ஓடிவந்து மாமியைத் தூக்கினவன். அவரை வெளி விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணி கொடுத்து அங்கேயே நின்றுவிட்டான். நானும் மற்றவர்களும் நிலபாவாடையை வாசலிலிருந்து சுருட்டிக்கொண்டு போனோம். மன்னிப்பு வழிபாடு முடிவதற்குள் பாதை வெறுமையாகிவிட்டது. அந்த முடிவு சரி. அதைவிட ஒரு நிமிடம் பிந்தியிருந்தால் வாசகம் வாசிக்கிறவர் அதன்மேல்தான் போயிருப்பார்.

வலப்பக்கப் பொடியன் தன் ஒன்பது வளைவையும் சொன்னபடி கழற்றினான். இடப்பக்கத்தில், மாமி இழுத்த ஒன்று போக எட்டு வளைவு அப்படியே நின்றது.

நான் அதைக் கண்டேன். முதல் வாசகம் தொடங்கியிருந்தது. இப்போது நடுவில் போய்க் கழற்றினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஒரு மனம். படம் எடுக்கிறவர் தூரத்திலிருந்து 'விடுங்கோ' என்று கை காட்டினார். மாமியின் விழுகையோடு என் வேலை பாழாகிவிட்டது என்ற கலக்கத்தில், மிஞ்சியதாவது அழகாக நிற்கட்டும் என்று இன்னொரு மனம். பிரசங்கத்துக்குப் பிறகு, தாலி கட்டிய பிறகு, காணிக்கைப் பாட்டுக்குள் என்று தள்ளிக்கொண்டே போனேன். முழங்கால் அடிபட்டது விபத்து. இது நான் எடுத்த முடிவு.

நன்மை நேரம்

வழக்கமாக இந்தக் கோவிலில் சனம் நடுப்பாதையால் வந்து நன்மை எடுத்துச் சுவரோரமாகத் திரும்பும். வலப்பக்கம் அப்படியே நடந்தது. இடப்பக்கத்தில் பெண்கள் எழும்பி நுனிக்கு வந்து துணிக்கு முன்னால் நின்றார்கள். கொழுக்கி முடிச்சுப் பூவுக்கு அடியில், பாதைப் பக்கமாக இருக்கிறது. உள்ளிருப்பவருக்கு அது தெரியாது. இழுத்தால் கிழியுமோ என்ற மரியாதையில் ஒருவரும் கை வைக்கவில்லை. ஒரு இளம்பிள்ளை துணிந்து இழுத்து மூன்று வரிசைக்கு வழி விட்டாள். சிலர் சேலையைத் தூக்கிக் குனிந்து வந்தார்கள். மற்றவர்கள் திரும்பிச் சுவரோரம் போக, அங்கே கதிரைகள். நன்மை எடுத்துத் திரும்புகிறவர்களும் எடுக்கப் போகிறவர்களும் இரண்டரை அடிப் பாதையில் முட்டிக்கொண்டார்கள். நான் ஓடிப்போய்க் கழற்றத் தொடங்கினபோது பாதி வரிசைகள் கலைந்துவிட்டன. குருவானவர் கிண்ணத்தோடு காத்து நின்றார்.

ஆறாம் வரிசை நுனியில் ஊன்றுகோலோடு ஓர் அம்மா இருந்தார். கலியாண வீட்டாருக்குத் தூரத்து உறவு, அதே பங்கைச் சேர்ந்தவர். குனிய ஏலாது. ஒன்பது அடி வாங்கில் முழந்தாளிட்டிருக்கும் ஆட்களைத் தாண்டிச் சுவரோரம் போகவும் ஏலாது. எழும்பி நின்றார், துணியைப் பார்த்தார், பிறகு இருந்துவிட்டார். நான் அவருடைய வரிசைக்கு வந்தபோது கிண்ணம் மூடப்பட்டுவிட்டது.

பூசை முடிந்து போய்க் கைபிடித்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைப் பிள்ளை. வடிவாத்தான் கட்டியிருக்கிறியள். நன்மை நாளைக்கும் எடுக்கலாம்தானே" என்றார். அவர் நாள்தோறும் காலைப் பூசைக்கு நடந்து வருகிறவர் என்பதைத் திறப்பு வைத்திருப்பவர் பிறகு சொன்னார். பங்குத்தந்தைக்கு அறிவித்தோம். அன்று மாலையே அவர் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோய்க் கொடுத்தார்.

கழற்றிய பிறகு

ஒரு மணிக்குத் தொடங்கி நாற்பது நிமிடத்தில் எல்லாம் கழன்றது. ரியூப் அடையாளம் தவிர வாங்குகளில் ஒரு கீறலும் இல்லை. நாடாவும் துவாய்த் துண்டும் நல்ல முறை என்பதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை.

மாமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவில்லை, வீக்கம் மட்டும். ஆனாலும் மூன்று கிழமை படியேற முடியாமல் இருந்தார். குடும்பம் என்னைக் குறை சொல்லவில்லை. படங்கள் வந்ததும் தாய் கூப்பிட்டுக் காட்டினார், உண்மையிலேயே அழகாக இருந்தன. நான் அவற்றில் ஆறாம் வரிசையைத் தேடினேன். ஒரு படத்தில் வளைவுக்கு மேலே ஊன்றுகோலின் பிடி மட்டும் தெரிகிறது.

அடுத்த ஞாயிறு மாமியையும் அம்மம்மாவையும் பார்க்கப் போனேன். அம்மம்மாதான் எனக்கு விளங்காமல் கிடந்த ஒன்றை விளக்கினார். "நீங்கள் விரிச்சது நிலபாவாடையே இல்லை, பிள்ளை. நீளமா விரிச்சிட்டு விட்டிட்டுப் போறேல்லை. ரெண்டு துண்டு இருக்கும். முன்னுக்கு ஒண்டை ரெண்டு பேர் இழுத்துப் பிடிச்சு விரிப்பினம். நடந்து கடந்த உடனை பின்னாலை உள்ளதை எடுத்து முன்னுக்குக் கொண்டு ஓடுவினம்."

அதாவது காலுக்குக் கீழே உள்ள துணி எப்போதும் இரு முனையிலும் கையில் இறுகிய துணி, நடந்து முடிந்ததும் எடுபட்டுவிடும் துணி. அதில் மடிப்பு எழ வழியே இல்லை. சலவைத் தொழில் செய்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை இது. அவர்களுடைய உழைப்பை ஊர் எப்படி வாங்கிக்கொண்டது, எந்த மரியாதையைக் கொடுக்காமல் விட்டது என்பதை இந்த வயதில் நினைக்க வெட்கமாக இருக்கிறது. அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன், அவர்களுடைய கைத்திறனைக் கேட்டறியவில்லை. கேட்டிருந்தால் மாமி விழுந்திருக்க மாட்டார்.

இனி மாற்றிச் செய்வது

வரிசையின் வாயைத் துணி கடக்காது. இதில் இனி எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. கொழுக்கியோ வளையமோ எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கழற்றுவதற்கு ஒருவர் வரவேண்டும் என்றால் அவர் வராமலும் போகலாம். அன்று வராதவன் விழுந்த மனுசியைத் தூக்கிக்கொண்டு நின்றான், அவனில் என்ன பிழை? துணி ஒவ்வொரு வாங்கின் நுனியிலும் மேலிருந்து கீழாக, பலகையின் முகத்தை ஒட்டி விழவேண்டும். தரைக்கு நாலு அங்குலம் மேலே நின்றுவிட வேண்டும். வளைவு கட்டாயம் வேண்டும் என்கிறவர்களுக்கு வாசல் வளைவிலும் பாடகர் மாடத்தின் கைபிடியிலும் கட்டிக் கொடுக்கலாம். அங்கே ஒருவரும் நடப்பதில்லை.

நிலபாவாடை வேண்டுமென்றால் 15 அடியில் இரண்டு துண்டு, பிடிக்க நாலு பேர், அம்மம்மா சொன்னபடி. அதற்கு ஆள் இல்லையென்றால் வெறும் தரை. சிவப்புச் சீமெந்து வெட்கப்படவேண்டிய தரை அல்ல. துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடைசியாக எப்போது மெழுகியது என்று கேட்டு எழுதிக்கொள்வேன், கலியாணத்துக்கு முந்தின நாலு நாளில் மெழுகவேண்டாம் என்று கோவில் பெண்களிடம் நானே போய்ச் சொல்வேன்.

முதல் நாள் அளக்கப் போகும்போது வாங்கின் நீளத்தோடு இன்னொன்றையும் கேட்கவேண்டும்: வழக்கமாக யார் எங்கே இருக்கிறவர்கள், யாருக்கு ஊன்றுகோல், யாருக்குச் சக்கரக் கதிரை. திறப்பு வைத்திருப்பவருக்கு இதெல்லாம் மனப்பாடம். நான் அவரிடம் வாணிஷைப் பற்றி மட்டும்தான் கேட்டேன்.

சுவரோரக் கதிரை பற்றி முடிவெடுக்கும் உரிமை என்னுடையதல்ல. ஆனால் நடுப்பாதையில் நான் எதையாவது கட்டியிருந்தால், சுவரோரம் வெறுமையாக இருக்கவேண்டும் என்று பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது என் கடமை.

ஒக்டோபரில்

அதே கோவிலில் ஒக்டோபர் நடுவில் இன்னொரு கலியாணம். முதலில் பங்குத்தந்தையைக் கண்டு, நானே செய்யலாமா என்று கேட்டுக்கொண்டேன். "நீங்கள்தான் செய்யவேணும்" என்றார். ஓகஸ்ட்டில் மிஞ்சிய ஜோர்ஜெட்டையும் கழற்றிய வளைவுகளையும் தோய்த்து, 28 நுனிக்கும் ஒன்றாக நெடுக விழும் துணிகளாகத் தைத்தோம். ஓகன்சா முடிச்சுப் பூ அதே பூதான். மாப்பிள்ளையின் மச்சான்மார் நாலு பேர் 15 அடித் துண்டுகளை இழுத்துப் பிடித்து, எடுத்து, முன்னே கொண்டு ஓடி விரித்தார்கள். மூன்று மாலை முற்றத்தில் பழகிய பிறகுதான் அவர்களுக்குக் கை ஒத்துவந்தது. சனம் அதைப் பார்க்கவே எட்டி எட்டி எழும்பியது. நடந்து முடிந்ததும் துணி வாசலுக்கு வெளியே போய்விட்டது.

நன்மைக்கு வழக்கமான நேரம்தான் எடுத்தது. ஆறாம் வரிசை அம்மா ஊன்றுகோலோடு நடுப்பாதையால் வந்து, எடுத்துத் திரும்பிப் போனார்.

மாரியின் முதல் காற்று அன்று வடகிழக்கிலிருந்து வந்தது. வலப்பக்கத்தில் இரண்டு துணிக்கு ஈயக் குண்டு வைக்க மறந்திருந்தோம். அவை இரண்டும் பூசை முழுக்க வாங்கின் மேல் ஏறிக் கிடந்தன.